சூதாட்டச் சட்டமும் பாதாள உலகமும்: தோற்றவனுக்குக் கடன் கொடுப்பவர் யார்?

2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் இருந்து மூன்று செய்திகள் வந்தன. மாதத்தின் தொடக்கத்தில், ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மெக்காவோவில் சூதாட்ட விடுதிகளை நடத்தும் மெல்கோ நிறுவனமும் கைகோத்த 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' பெருவிடுதி, அதன் கசினோவுடன் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதத்தில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை நிறுவுவதற்கான சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மாத இறுதியில், இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் கைது செய்யப்பட்ட 'கெஹெல்பத்தர பத்மே' உள்ளிட்ட, பாதாள உலகக் குழுக்களின் தலைவர்கள் எனக் கூறப்படுவோர் விமானம் மூலம் கட்டுநாயக்கவுக்குக் கொண்டு வரப்பட்டனர்.

முதலாவது செய்தி வர்த்தகப் பக்கத்திலும், இரண்டாவது பாராளுமன்றச் செய்திகளிலும், மூன்றாவது முன்பக்கத்திலும் இடம்பிடித்தன. இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருப்பதாக இக்கட்டுரை கூறவும் இல்லை. ஆனால், சூதாட்டத்தைச் சட்டத்தின் குடையின் கீழ்க் கொண்டு வந்தால் அரசுக்கு வருமானமும் கிடைக்கும், கள்ளச் சூதாட்டமும் அதை நடத்தும் கூட்டமும் தாமாகவே அகன்று விடும் என்ற வாதம் இப்போது உரத்து ஒலிக்கின்றது. இந்த வாதம் புதியதன்று. அமெரிக்கா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதனைச் சோதித்துப் பார்த்துள்ளது. பம்பாயிலும் தமிழகத்திலும் அதன் வேறு வடிவங்கள் சோதிக்கப்பட்டன. அந்த அனுபவங்களைப் பார்த்த பின்னர், கண்டி வீதியில் இருந்து முல்லைத்தீவுக்குப் பாதை பிரியும் மாங்குளம் சந்தியில் நின்று கொழும்பின் புதிய சட்டத்தைப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

அமெரிக்கச் சூதாட்டம் என்றதும் லாஸ் வேகாஸ் நகரின் மின்விளக்குகளே பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் அந்நாட்டுப் பாதாள உலகத்துக்கு அன்றாடம் சோறு போட்டது அந்த வெளிச்சமன்று. ஏழைகளின் சில்லறைக் காசு. நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களில், 1920 களில் 'நம்பர்' விளையாட்டு கொடிகட்டிப் பறந்தது. மூன்று இலக்கங்களைத் தெரிவு செய்து ஒரு சதம் கூடப் பந்தயம் கட்டலாம். வங்கிகளுக்கிடையிலான காசோலைத் தீர்வகம் நாள்தோறும் பத்திரிகைகளில் வெளியிட்ட தொகைகளில் இருந்து வெற்றி இலக்கம் எடுக்கப்பட்டது. எவரும் திருத்த முடியாத எண் என்பதால் மக்கள் அதை நம்பினர். வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. வென்றால் கிடைப்பதோ பெரும்பாலும் அறுநூறு மடங்கு. மிகுதி நானூறும் நடத்துபவருக்கும் அவருடைய முகவருக்கும் அவர்களைக் கண்டுகொள்ளாத பொலிஸாருக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த வியாபாரத்தை முதலில் கட்டியெழுப்பியோர் துப்பாக்கிக் கும்பல்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. கரீபியன் தீவுகளில் இருந்து குடியேறிய ஸ்டெபனி சென் கிளெயார் என்ற பெண்மணியும், காஸ்பர் ஹோல்ஸ்டைன் என்பவரும் அதன் பெரும் புள்ளிகள். ஹோல்ஸ்டைன் தம் வருமானத்தில் கறுப்பின எழுத்தாளர்களுக்குப் பரிசில்களும் மாணவர்களுக்கு உதவியும் வழங்கியவர். வங்கிகள் கறுப்பின மக்களுக்குக் கடன் கொடுக்க மறுத்த காலத்தில் இந்த 'நம்பர் வங்கிக்காரர்களே' கடை வைக்கவும் வாடகை கட்டவும் பணம் கொடுத்தனர். சென் கிளெயார் அம்மையாரோ, தாம் பொலிஸாருக்கு இலஞ்சம் கொடுத்ததாக விசாரணைக் குழு முன் துணிந்து சாட்சியமளித்தார்.

மதுவிலக்குக் காலம் முடியப் போகின்றது என்பதை உணர்ந்த மதுக் கடத்தல்காரர் டச் ஷுல்ட்ஸ், 1930 களின் தொடக்கத்தில் ஹார்லெமுக்குள் நுழைந்தார். மிரட்டலாலும் கொலையாலும் நம்பர் வியாபாரத்தைத் தன் வசப்படுத்தினார். அவருடைய கணக்குப் புலி ஓட்டோ பெர்மன் செய்த வேலை இன்றைக்கும் வியப்புக்குரியது. அப்போது வெற்றி இலக்கம் குதிரைப் பந்தயத் திடலின் பந்தயத் தொகைகளில் இருந்து எடுக்கப்பட்டு வந்தது. பெர்மன் கடைசி நேரத்தில் அந்தத் திடலில் கணக்குப் பார்த்துப் பணம் கட்டி, மக்கள் மிகக் குறைவாகத் தெரிவு செய்த இலக்கம் வெல்லுமாறு தொகையை மாற்றி விடுவார். எவரும் திருத்த முடியாது என்று மக்கள் நம்பிய எண் திருத்தப்பட்டது. ஷுல்ட்ஸும் பெர்மனும் 1935 ஒக்டோபரில் நியூவார்க் நகர உணவகம் ஒன்றில் சுடப்பட்டு இறந்தனர். ஆனால் அவர்களுக்குப் பாதுகாப்பளித்த கதை அதோடு முடியவில்லை. நியூயோர்க்கின் செல்வாக்குமிக்க ஜனநாயகக் கட்சிப் பிரமுகர் ஜிம்மி ஹைன்ஸ், அந்தப் பாதுகாப்பை விற்ற குற்றத்துக்காக 1939 இல் தண்டிக்கப்பட்டார்.

இதற்கு முன்னரே வாழ்ந்த ஆர்னல்ட் ரொத்ஸ்டைன் என்பவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1919 ஆம் ஆண்டின் பேஸ்போல் இறுதித் தொடர் விலை பேசப்பட்ட விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது. எனினும் அவருடைய உண்மையான பலம் சூதாடுவதில் அன்று, மற்றக் கும்பல்களுக்கெல்லாம் முதலீடு கொடுத்ததில் இருந்தது. பாதாள உலகத்தின் வங்கி என்று அவரைச் சொல்லலாம். 1928 நவம்பரில் அவர் சுடப்பட்டதும் சீட்டாட்டக் கடன் ஒன்றின் காரணமாகவே என்று பரவலாக நம்பப்படுகின்றது.

சூதாட்டத் தலைவர்களின் பலம் பகடையிலோ எண்ணிலோ இருக்கவில்லை. வீட்டு வாசலுக்கே வந்து காசு வாங்கும், முகம் தெரிந்த முகவரிடம் அது இருந்தது. கையில் காசு இல்லாதபோது கொடுக்கப்பட்ட கடனிலும், அந்தக் கடனைச் சட்டத்துக்கு வெளியே அறவிடும் ஆற்றலிலும் இருந்தது. இவை எல்லாவற்றையும் கண்டும் காணாதிருக்கச் சம்பளம் பெற்ற அரசியல்வாதியிடமும் இருந்தது. விளையாட்டு வெறும் வாசற்படி மட்டுமே.

நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோது பாதாள உலகம் ஓடவில்லை. உரிமையாளராக உள்ளே வந்தது. பெஞ்சமின் 'பக்ஸி' சீகல் பாதாள உலகப் பணத்தைக் கொட்டிய பிளமிங்கோ விடுதி 1946 டிசெம்பரில் திறக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து, 1947 ஜூனில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதி தொடர்ந்து இயங்கியது. மேசையில் வந்த பணத்தைக் கணக்கெழுதும் முன்னரே ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கும் வழக்கம் லாஸ் வேகாஸில் பல தசாப்தங்கள் நீடித்தது. நிலைமை மாறத் தொடங்கியது எப்போது? 1955 இல் தனியான கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டு, 1960 இல் எந்தச் சூதாட்ட விடுதிக்குள்ளும் காலடி வைக்கக்கூடாதவர்களின் பெயர்ப் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட்ட பின்னரே. 'கறுப்புப் புத்தகம்' என்று அழைக்கப்பட்ட அப்பட்டியலில் குற்றக் கும்பல்களின் பிரமுகர்கள் பெயர் பெயராக இருந்தனர். சட்டபூர்வமாக்கியதற்கும் கட்டுப்படுத்தியதற்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. இந்த முப்பது ஆண்டுகளை இன்று கசினோ பற்றிப் பேசுவோர் எவரும் நினைவூட்டுவதில்லை.

செனட்டர் எஸ்டெஸ் கீபோவர் தலைமையிலான குழு 1950 இலும் 1951 இலும் நகரம் நகரமாகச் சென்று விசாரணை நடத்தியதும், தொலைக்காட்சியில் முகத்தைக் காட்ட மறுத்த பிராங்க் கொஸ்டெலோவின் நெளியும் கைகளை மட்டும் கோடிக்கணக்கான மக்கள் பார்த்ததும் வரலாறு. 1961 இல், ரொபர்ட் கென்னடி சட்டமா அதிபராக இருந்தபோது, தொலைபேசி, தந்தி வழியாக மாநில எல்லை தாண்டிப் பந்தயம் கட்டும் தொழிலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர், 1964 இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே லொத்தர் விற்கத் தொடங்கியது. 1967 இல் நியூயோர்க் தொடர்ந்தது. 1975 இல் நியூ ஜேர்சி, ஹார்லெம் நம்பர் விளையாட்டை அப்படியே எடுத்து, மூன்று இலக்க நாளாந்த லொத்தராக அரசின் பெயரில் நடத்தியது.

பாதாள உலகத்தின் வாடிக்கையாளர்களை அரசு பறித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஓரளவுக்குப் பறிக்கவும் செய்தது. ஆனால் கள்ள நம்பர் ஒழியவில்லை. காரணம் எளியது. அரசு விற்பனையில் ஏறத்தாழ பாதியையே பரிசாகக் கொடுத்தது. ஹார்லெம் தெருவோரத்தில் கிடைத்ததை விட அது குறைவு. பெரிய பரிசுக்கு அரசு வரியும் அறவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசின் விற்பனை நிலையம் கடன் கொடுக்கவில்லை. சம்பளம் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை விளையாட விரும்பியவன் பழைய முகவரிடமே போனான்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்திய தடையை நீக்கிய பின்னர், பெரும்பாலான மாநிலங்களில் கைத்தொலைபேசியிலேயே பந்தயம் கட்டுவது சட்டபூர்வமாயிற்று. பாதாள உலகத்துக்கு இனி என்ன வேலை என்று கேட்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவு முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அவர்களில் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் பிரபலங்களும் இருந்தனர். நியூயோர்க்கின் பழைய மாஃபியா குடும்பங்களைச் சேர்ந்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரும் இருந்தனர். சீட்டுக் கலக்கும் இயந்திரத்தையே மோசடியாக மாற்றிப் பணக்காரர்களை ஏமாற்றியதாகக் குற்றப்பத்திரம் கூறுகின்றது. அதில் மாஃபியா குடும்பங்களுக்கு இருந்ததாகச் சொல்லப்படும் முக்கியமான பங்கு என்ன? தோற்றவர்களிடம் கடனை மிரட்டி அறவிடுவது. குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியவை. ஆயினும் ரொத்ஸ்டைன் காலத்துத் தொழில் இன்னும் அதே பெயரேட்டில் இருப்பதாகவே அந்த ஆவணம் சொல்கின்றது.

நியூயோர்க்கில் இருந்து பம்பாய்க்கு வருவோம். இது வலிந்த ஒப்பீடன்று. இரு நகரங்களையும் இணைத்தது ஒரு தந்திக் கம்பி. நியூயோர்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் இறுதி விலையும் நாள்தோறும் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. அந்த விலையின் இலக்கங்கள் மீது பம்பாய் மக்கள் பந்தயம் கட்டினர். ஹார்லெம் மக்கள் வங்கித் தொகையை நம்பியது போன்று, இவர்கள் கடல் கடந்து வந்த பருத்தி விலையை நம்பினர். 1961 இல் அந்த விலைத் தகவல் நின்று போனது. பந்தயம் நிற்கவில்லை. கட்ச் பகுதியில் இருந்து வந்து வோர்ளியில் மளிகைக் கடை நடத்திய கல்யாண்ஜி பகத் 1962 இல் தாமே இலக்கம் எடுக்கத் தொடங்கினார். 1964 இல் ரத்தன் கத்ரி தனியே ஒன்றை ஆரம்பித்தார். மண்பானையில் இருந்து சீட்டெடுத்த வழக்கத்தால் பானை என்ற பொருளில் 'மட்கா' என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் மூன்று சீட்டட்டைகளை உருவி, அவற்றின் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தை அறிவித்தனர்.

ஒற்றை இலக்கத்துக்கு ஒன்பது மடங்கு கொடுக்கப்பட்டது. வாய்ப்பு பத்தில் ஒன்று. நடத்துபவருக்கு மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்கப் பாதாள உலகம் நாற்பது வீதத்தையும், அமெரிக்க மாநில அரசு ஏறத்தாழ ஐம்பது வீதத்தையும் வைத்துக்கொண்ட விளையாட்டில், பம்பாயின் கள்ளச் சூதாட்டக்காரர் பத்து வீதத்தோடு திருப்தி அடைந்தார் என்பது வேடிக்கையான உண்மை. எண்ணிக்கை அவரைச் செல்வந்தராக்கியது. பஞ்சாலைத் தொழிலாளர்களின் வாரச் சம்பளம் மட்காவுக்குப் பாய்ந்தது. அவசரநிலைக் காலத்தில் பத்தொன்பது மாதங்கள் சிறையில் இருந்த கத்ரி, வெளியே வந்து அதே தொழிலைத் தொடர்ந்தார்.

தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்குப் பம்பாய்ப் பாதாள உலகம் என்றதும் வேறு இரண்டு பெயர்களே நினைவுக்கு வரும். இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான். தமிழகத்தில் இருந்து சென்று புகையிரத நிலையத்தில் சுமை தூக்கி வாழ்வைத் தொடங்கிய வரதராஜ முதலியார். ஒருவர் தங்கக் கடத்தலாலும் மற்றவர் கள்ளச் சாராயத்தாலும் வளர்ந்தனர். மாட்டுங்காவின் பிள்ளையார் விழாப் பந்தலும் 1987 இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படமும் வரதராஜ முதலியாரைக் காவியத் தலைவராக்கின. அவ்விருவரையும் பற்றிப் பேசிய அளவுக்கு மட்கா மன்னர்களைப் பற்றி நம்மவர் பேசியதில்லை. எனினும் நாள்தோறும் ஏழை வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படிப் பணத்தை எடுத்துச் சென்றது மட்காவே. துப்பாக்கி வெடிக்காத குற்றத்துக்குக் காவியம் எழுதப்படுவதில்லை.

மட்காவைத் தளரச் செய்தது பொலிஸார் என்று சொல்வதற்கில்லை. 1982 ஜனவரியில் தத்தா சமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆலைகள் பல மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர் ஊர் திரும்பினர். பந்தயம் கட்டக் கையில் சம்பளம் இல்லை. வாடிக்கையாளர் வறண்டதே மட்கா வறண்டதற்கு முதற்காரணம். எஞ்சியதைக் கட்டிக் காத்த கல்யாண்ஜியின் மகன் சுரேஷ் பகத் 2008 ஜூனில் வாகன விபத்துப் போன்று அரங்கேற்றப்பட்ட கொலையில் மாண்டார். அவருடைய மனைவியும் மகனும் 2013 இல் அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

தமிழகம் வேறொரு பாதையில் சென்றது. 1968 இல் அண்ணாதுரை ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டுத் தொடங்கியது. கூலித் தொழிலாளரின் நாட்சம்பளம் சீட்டுக் கடைகளில் கரைவதாக எழுந்த குரல்களின் பின்னர், 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லொத்தர்களையும் தடை செய்தது. தடைக்குப் பின்னரும் அயல் மாநிலக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துக் கள்ள விற்பனை நடந்தது. ஹார்லெமின் மூன்று இலக்கம் இவ்வாறு தமிழ் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் கைத்தொலைபேசியில் ரம்மி வந்தது, தற்கொலைகள் செய்தியாகின. மாநிலச் சட்டமன்றம் 2022 இல் நிறைவேற்றிய தடைச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பியதும், அது 2023 இல் மீண்டும் நிறைவேற்றப்பட்டதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரண்டுக்குமான தடையை 2023 நவம்பரில் நீக்கியதும் தொடர்கதை. இறுதியில் 2025 ஆகஸ்டில் இந்திய மத்திய அரசே பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இலங்கை சூதாட்டத்துக்கு அதிகார சபை அமைத்த அதே மாதம் அது!

தமிழகக் கதையில் ஒரு சிறு குறிப்பு பெரும் பொருள் உடையது. லொத்தர் அதிபர் சந்தியாகோ மார்ட்டினின் பியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி இந்திய ரூபாவுக்குத் தேர்தல் பத்திரங்கள் வாங்கியதும், அதில் 509 கோடி தி.மு.க.வுக்குச் சென்றதும் 2024 மார்ச்சில் வெளியான விபரங்களால் தெரிய வந்தன. லொத்தர் தடை செய்யப்பட்ட மாநிலத்தின் கட்சிக்கு லொத்தர் நிறுவனத்தின் நன்கொடை! அன்றைய சட்டத்தின்படி அது குற்றமன்று. ஜிம்மி ஹைன்ஸ் இரகசியமாக வாங்கியதற்குச் சிறை சென்றார். பகிரங்கமான பத்திரமாக வாங்க வழி இருந்திருந்தால் அவர் சிறை சென்றிருக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் 1867 இல் இந்தியாவுக்குப் பொதுச் சூதாட்டச் சட்டத்தையும், 1889 இல் இலங்கைக்குச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தையும் கொண்டு வந்தனர். சுதந்திரத்தின் பின்னர் அரசு லொத்தர் விற்றது. தேசிய லொத்தர் சபை 1963 இல் உருவானது. 1988 இல் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டத்தின் மூலம் அரசு அந்த வியாபாரத்தில் வரி வாங்கத் தொடங்கியது. 2010 இல் கசினோ வணிகத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அவுஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பக்கரின் கசினோத் திட்டம் மகிந்த ராஜபக்ஷ ஆட்சியில் வரிச் சலுகைகளுடன் வரவேற்கப்பட்டு, 2015 ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கையால் தடுத்து, மறு கையால் வரி வாங்கிய இந்தக் குழப்பத்துக்கு ஒரே அதிகார சபையின் மூலம் முடிவு கட்டுவதே 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்படுகின்றது. நோக்கத்தில் பிழையில்லை. ஒழுங்கற்ற நிலையை விட ஒழுங்கு நல்லது. அதிகாரமுள்ள சபை இல்லாமல் பாதாள உலகத்தை மேசையில் இருந்து எழுப்ப முடியாது என்பதை நெவாடா காட்டியுள்ளது.

பிரச்சினை எங்கே என்றால், இந்தச் சட்டம் பற்றிய விவாதம் முழுவதும் கொழும்பின் பளிங்கு மண்டபத்தைச் சுற்றியே நடக்கின்றது. கசினோவுக்குள் நுழையும் இலங்கையருக்கான அறவீட்டை 50 டொலரில் இருந்து 100 டொலராகவும், கசினோ வருமானத்தின் மீதான அறவீட்டை 15 வீதத்தில் இருந்து 18 வீதமாகவும் உயர்த்தும் திருத்தம் 2025 இல் முன்வைக்கப்பட்டபோது, உள்நாட்டு ஏழைகளுக்கு அது பாதுகாப்பு வேலி என்று புகழப்பட்டது. மாங்குளத்து விவசாயக் கூலியோ ஒட்டுசுட்டான் தையற்காரப் பெண்ணின் கணவனோ கசினோ வாசலுக்குப் போய் 100 டொலர் இல்லாமல் திரும்பி வரப் போவதில்லை. அவர்கள் அந்த வாசலுக்குப் போகவே போவதில்லை. யார் எந்த வழியால் வரமாட்டார்களோ அந்த வழியில் வேலி அடைப்பது வேலிகளில் மிகவும் இலகுவானது.

அவர்கள் இருக்கும் இடத்துக்கு வருவது வேறு. 2023 ஜூலையில் 20 ரூபாவில் இருந்து 40 ரூபாவாக உயர்ந்த லொத்தர்ச் சீட்டு ஒன்று. அதனை விற்போரில் வேறு தொழில் செய்ய உடல் இடந்தராதவர்களும் உள்ளனர். அவர்களுடைய பிழைப்பையும் நினைத்தே இது பற்றிப் பேச வேண்டும். ஊர் ஒதுக்குப்புறத்துச் சீட்டாட்டம் ஒன்று. எல்லாவற்றிலும் மேலாகக் கைத்தொலைபேசி ஒன்று. வெளிநாட்டில் இருந்து இயங்கும் பந்தயத் தளத்துக்கு மாங்குளமும் மன்ஹட்டனும் ஒரே தூரம். ஹார்லெமின் முகவர் வாசற்படியில் நின்றார். இந்த முகவர் சட்டைப் பையிலேயே இருக்கின்றார். அவருக்கு முகமில்லை, தூக்கமுமில்லை.

வன்னியில் இது ஏன் ஆபத்தானது? இங்கே கடன் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் குடும்ப வருமானச் செலவினக் கணக்கெடுப்பு, நாடளாவிய வறுமை வீதத்தை 4.1 என்று கண்டபோது, கிளிநொச்சியில் அது 18.2 ஆகவும் முல்லைத்தீவில் 12.7 ஆகவும் இருந்தது. 2009 இன் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்களை முதலில் தேடி வந்தவர்களில் நுண்கடன் நிறுவனங்களின் அறவீட்டாளரும் அடங்குவர். வாரந்தோறும் வாசலுக்கு வரும் அறவீட்டாளருக்குப் பயந்து பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருந்த நிலைமையின் உச்சத்திலேயே, 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. வட்டிக்கும் உச்சவரம்பு விதித்தது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் திரட்டும் நிறுவனங்களுக்கே உரியதாக அமைந்தது. மீற்றர் வட்டிக்காரர் அதன் கண்ணில் படவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் தோற்ற இளைஞன் அடுத்த நாள் யாரிடம் போவான்? பந்தயத் தளம் கடன் தராது. வங்கி கதவைத் திறக்காது. மீற்றர் வட்டிக்காரர் திறப்பார். மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகமோ தாயின் காப்போ ஈடாகும். ஈடும் தீர்ந்த பின்னர், கடனைக் கழிக்க ஒரு 'பொதியை' இன்ன இடத்தில் கொடுத்து விட்டு வா என்று யாராவது கேட்கக்கூடும். போதைப்பொருட் குழுக்கள் இளைஞர்களைத் திரட்டும் வழிகளில் இதை விட மலிவானதும் அமைதியானதும் வேறில்லை. பாதாள உலகத் தலைவர் ஜகார்த்தாவில் கைதாகலாம். அவருக்கான ஆள்சேர்ப்பு சிறு ஊரின் கடன் கொப்பியில் நடக்கும். ஹார்லெமிலும் அப்படித்தான் நடந்தது.

சூதையும் வட்டியையும் ஒரே காலத்தில் விலக்கியது இஸ்லாம். மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் குர்ஆன் கண்டிப்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். வட்டிக்கான தடையும் அவ்வளவு கடுமையானது. இரண்டையும் வெவ்வேறு பாவங்களாக நாம் படித்து வந்திருக்கின்றோம். பாதாள உலக வரலாற்றைப் படித்தால் அவை ஒரே தொழிலின் இரண்டு கைகள் என்பது தெரிகின்றது. வள்ளுவரோ சூது பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாக வைத்தார். தனிமனித ஒழுக்கத்தோடு அது அரசும் பொருளும் சம்பந்தப்பட்ட விடயமும் ஆகும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். பாண்டவர் நாடிழந்த கதையிலும் சூது அரச சபையில்தான் நடக்கின்றது. சபையிலிருந்த பெரியோர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

ஆதலால் புதிய அதிகார சபையை, அது எத்தனை கோடி ரூபா வருமானம் ஈட்டித் தருகின்றது என்று அளப்பது போதாது. உரிமப் பத்திரம் பெறுவோரின் பின்னால் இருக்கும் பணம் யாருடையது என்பதை அது பகிரங்கப்படுத்துமா? நெவாடாவைப் போன்று விலக்கப்பட்டோர் பட்டியலை வெளியிடுமா? சூதாட்ட நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு வருமா? வெளிநாட்டுப் பந்தயத் தளங்களுக்கு உள்நாட்டில் பணம் திரட்டிக் கொடுக்கும் இடைத்தரகர்களை மத்திய வங்கியுடன் இணைந்து தேடுமா? தன் கணவனையோ மகனையோ பந்தயத்தில் இருந்து விலக்கி வைக்குமாறு ஒரு குடும்பம் விண்ணப்பிக்க வழியுண்டா? இவை எதுவும் கசினோ வேண்டும், வேண்டாம் என்ற வழமையான சண்டைக்குள் அடங்காத கேள்விகள்.

வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கசினோ விவகாரத்தைத் தெற்கின் விவகாரமாகக் கருதி ஒதுங்கி நிற்கின்றனர். ஒதுங்கத் தேவையில்லை. சபையின் விதிமுறைகள் உருவாகும் காலத்திலேயே மூன்று விடயங்களைக் கேட்டுப் பெறலாம். மாவட்டச் செயலகம் தோறும் தமிழில் முறைப்பாடு பதியும் மேசை ஒன்று. சூதாட்ட அறவீட்டில் இருந்து கடன் ஆலோசனைக்கும் அடிமை நிலையில் இருந்து மீள்வதற்கான சிகிச்சைக்கும் ஒதுக்கப்படும் குறிப்பிட்ட வீதம். வைப்புப் பணம் திரட்டாமல் வட்டிக்கு விடும் தனியாரையும் பதிவுக்கு உட்படுத்தும் சட்டம். மூன்றாவதுதான் கடினமானது. மீற்றர் வட்டிக்குப் பணம் போடுவோரில் ஊரில் மதிப்பாக உலவுவோரும் இருப்பர். கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் நன்கொடை எழுதுவோரும் இருப்பர். காஸ்பர் ஹோல்ஸ்டைனும் பரிசில் வழங்கியவர்தான்.